பெயரின் பின்னே ஒரு பெயர்

நுழையும்முன்

ஒருவரை அழைப்பதற்கு ஒரு பெயர் போதும். ஆயினும், உலக மக்களுள் பெரும்பாலோர் தம் பெயருடன் மற்றொரு பெயரையும் சுமந்து வாழ்கின்றனர். ஊர், தொழில், தந்தை, உடற்கூறு எனப் பலவற்றிலிருந்து பிறந்த அப்பெயர்களில் மக்கள் வாழ்ந்த வரலாறு பொதிந்துள்ளது. குடும்பப் பெயர்கள் தோன்றிய வகையையும் அவை மனிதர்க்குத் தந்த பெருமையையும் சிறுமையையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பதிவேட்டின் முன் ஒரு சிறுவன்

அமெரிக்க நாட்டில் அடிமைமுறை 1865ஆம் ஆண்டு ஒழிந்தது. அதன்பின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், உப்புக் காய்ச்சும் ஆலையில் உழைத்துவந்த கறுப்பினச் சிறுவன் ஒருவன் பள்ளிக்குச் சென்றான். ஆசிரியர் வருகைப் பதிவேட்டைப் படிக்கத் தொடங்கியதும் அவன் உள்ளம் கலங்கியது. பிற சிறுவர்க்கு இரண்டு பெயர்களேனும் இருந்தன. அவனுக்கு இருந்ததோ 'புக்கர்' என்னும் ஒரு பெயர் மட்டுமே. அடிமைக்குக் குடும்பப் பெயர் எதற்கு என்று எண்ணிய சமூகத்தில் அவன் பிறந்திருந்தான். தன் முறை வருவதற்குள் அவன் ஒரு முடிவுக்கு வந்தான். ஆசிரியர் முழுப்பெயரைக் கேட்டபோது, நெடுங்காலமாக அவ்வாறே அழைக்கப்பட்டவனைப் போல, 'புக்கர் வாஷிங்டன்' என்று அமைதியாக விடையளித்தான். அப்பெயரே ஏட்டில் ஏறியது.

தாய் தனக்கு வேறொரு பெயரையும் சேர்த்து இட்டிருந்ததை அவன் பின்னாளில் அறிந்தான். அதன் முதலெழுத்தை நடுவில் அமைத்துக்கொண்டான். 1881ஆம் ஆண்டில் டஸ்கீகி கல்வி நிலையத்தின் முதல் தலைவராகப் பொறுப்பேற்ற புக்கர் டி. வாஷிங்டன் அச்சிறுவனே. 1901இல் வெளிவந்த தம் தன்வரலாற்றில் அவர் இந்நிகழ்ச்சியைப் பதிவு செய்துள்ளார்.

ஒரு பெயர் மட்டுமே இருந்தமையால் ஒரு சிறுவன் நாணும்படி செய்த இக்குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது? அது எல்லா நாட்டினர்க்கும் தொன்றுதொட்டு உரியதன்று. மக்கள் தம் தேவைக்காக ஆக்கிக்கொண்டதும், அரசுகள் தம் தேவைக்காகச் சுமத்தியதும் ஆகும்.

தேவையில் பிறந்த பெயர்

இங்கிலாந்தை எடுத்துக்கொள்வோம். நார்மானியர் 1066ஆம் ஆண்டு அந்நாட்டை வென்றனர். அதற்கு முன் ஆங்கிலேயர் பெரும்பாலும் ஒற்றைப் பெயரையே கொண்டிருந்தனர். வெற்றிபெற்றோர் கொணர்ந்த வில்லியம், ராபர்ட் முதலிய சில பெயர்களே காலப்போக்கில் நாடெங்கும் பரவின. ஒரே சிற்றூரில் வில்லியம் பலர் இருந்தால் யாரை அழைப்பது? குன்றருகே வாழும் வில்லியம், கொல்லுலை நடத்தும் வில்லியம், ஜானின் மகன் வில்லியம், குட்டையான வில்லியம் என அடைமொழி சேர்த்து மக்கள் வேறுபடுத்தினர்.

அரசுக்கும் இவ்வேறுபாடு தேவைப்பட்டது. நிலவுடைமையைக் கணக்கிட்டு 1086ஆம் ஆண்டு பெரும்பதிவேடு ஒன்று உருவாக்கப்பட்டது. 1377ஆம் ஆண்டு முதல் தலைவரி தண்டப்பட்டது. வரி செலுத்தியவர் எந்த வில்லியம், நிலத்துக்கு உரியவர் எந்த வில்லியம் என்று எழுதிவைக்க வேண்டியதாயிற்று. வாய்வழங்கிய அடைமொழி ஏட்டில் ஏறி நிலைபெற்றது; தந்தையின் அடைமொழி மகனுக்கும் உரியதாயிற்று. ஏறத்தாழ 1400ஆம் ஆண்டளவில் ஆங்கிலக் குடும்பங்களுள் பெரும்பாலானவை வழிவழிவரும் பெயரைப் பெற்றிருந்தன.

சீனாவில் இவ்வழக்கம் ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட தொன்மை உடையது. அங்குக் குடும்பப் பெயர் முன்னும் இயற்பெயர் பின்னும் வரும். குடும்பப் பெயரைக் குறிக்கும் சீன எழுத்து, 'பெண்', 'பிறப்பு' என்னும் இரு கூறுகளால் ஆனது. தாய்வழியே குடி அறியப்பட்ட காலத்தின் எச்சமாக இதனை அறிஞர் பலர் கருதுவர்.

நான்கு ஊற்றுகள்

நாடுகளும் மொழிகளும் வேறுபடினும் குடும்பப் பெயர்கள் பெரும்பாலும் நான்கு ஊற்றுகளிலிருந்தே பிறந்துள்ளன.

முதலாவது இடம். ஆங்கிலத்தில் 'ஹில்' என்பது குன்றையும் 'புரூக்' என்பது ஓடையையும் குறிக்கும். ஜப்பானியக் குடும்பப் பெயர்களில் வயலும் மலையும் மிகுதி. 'தனாகா' என்பது வயலின் நடுவிடம். 'யமடா' என்பது மலைவயல். 'இஷிபாஷி' என்பதற்குக் கற்பாலம் என்பது பொருள். அப்பெயர் கொண்ட தொழில்முனைவர் ஒருவர், தம் பெயரின் இரு கூறுகளையும் ஆங்கிலப்படுத்தி, முன்பின்னாக மாற்றி, 'பிரிட்ஜ்ஸ்டோன்' என்று தம் உருளிப்பட்டை நிறுவனத்துக்குச் சூட்டினார். நம் நாட்டில் மராத்தி, கொங்கணி பேசுவோரிடம் 'கர்' என்னும் ஈறு ஊரினரைச் சுட்டும். கோவாவின் மங்கேஷி என்னும் ஊரே லதா மங்கேஷ்கரின் பெயரில் உள்ளது. தெலுங்கரின் வீட்டுப் பெயர் இயற்பெயருக்கு முன் நிற்கும். திருத்தணியில் பிறந்த இராதாகிருஷ்ணனின் பெயர்முன் நிற்கும் 'சர்வபள்ளி', அவர்தம் முன்னோரின் ஊராகும்.

இரண்டாவது தொழில். 'டெய்லர்' தையற்காரர், 'பேக்கர்' ரொட்டி சுடுபவர், 'மில்லர்' மாவு ஆலை நடத்துபவர். உழவர் பலர் வாழ்ந்த ஊரில் 'உழவர்' என்னும் அடைமொழி ஒருவரை வேறுபடுத்தாது. ஊருக்கு ஒருவராக இருந்த கொல்லரையோ அவர்தம் தொழிலே அடையாளம் காட்டிவிடும். பெயர் என்பது பிறரிடமிருந்து பிரித்துக் காட்டுவதற்கே என்பதற்கு இது நல்ல சான்று.

தெரிந்து தெளிவோம்

'கொல்லர்' என்னும் பொருளுடைய குடும்பப் பெயர்கள்:
ஆங்கிலம் – ஸ்மித்
ஜெர்மன் – ஷ்மிட்
பிரெஞ்சு – லெஃபெவ்ர்
இத்தாலியம் – ஃபெராரி
போலிஷ் – கோவால்ஸ்கி
ரஷ்யம் – குஸ்நெட்சோவ்
ஹங்கேரியம் – கோவாச்
அரபு – ஹத்தாத்

மூன்றாவது தந்தை பெயர். 'ஜான்சன்' என்பவர் ஜானின் மகன். ஸ்காட்லாந்தின் 'மேக்' மகனையும், அயர்லாந்தின் 'ஓ' வழித்தோன்றலையும் குறிக்கும். ஸ்பானிய மொழியில் ஃபெர்னாண்டோவின் மகன் ஃபெர்னாண்டஸ் ஆவார். ரஷ்யர் இயற்பெயருக்கும் குடும்பப் பெயருக்கும் நடுவே தந்தை பெயரை அமைப்பர். ஆன்டன் பாவ்லோவிச் செகாவ் என்னும் எழுத்தாளர் பெயரில் 'பாவ்லோவிச்' என்பது பாவெலின் மகன் எனப் பொருள்படும்.

நான்காவது உடலும் குணமும். நிலவில் முதலில் கால்பதித்தவரின் குடும்பப் பெயரான 'ஆம்ஸ்ட்ராங்', வலிய கையுடையவர் என்னும் பொருளது. உரோமானிய நாவலர் சிசரோவின் பெயர் கொண்டைக்கடலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அவர்தம் முன்னோர் ஒருவரின் மூக்கு நுனி கடலையைப்போல் பிளவுற்றிருந்தது என்று புளூட்டார்க் கூறுகிறார். அரசியலில் நுழைந்த சிசரோவிடம் அப்பெயரை மாற்றுமாறு நண்பர்கள் அறிவுறுத்தினர். அவரோ, அப்பெயரைப் பெருங்குடியினர் பெயர்களைக் காட்டிலும் புகழுடையதாக்குவேன் என்று மறுமொழி கூறினாராம்.

சங்கப் புலவர் பெயர்களில்

இந்நான்கு ஊற்றுகளும் தமிழர்க்குப் புதியன அல்ல. உயர்திணைப் பெயர்களைப் பகுத்த தொல்காப்பியர் நிலப்பெயர், குடிப்பெயர், வினைப்பெயர், பண்புகொள் பெயர் முதலியவற்றைச் சுட்டியுள்ளார். சங்கப் புலவர் பெயர்களை நோக்கின் இவ்வகைகள் தெளிவாகப் புலப்படும். ஒக்கூர் மாசாத்தியார் பெயரில் ஊர் உள்ளது. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் பெயரில் ஊருடன் துணி விற்கும் தொழிலும் உள்ளது. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் பெயரில் ஊர், தந்தை, தந்தையின் தொழில் ஆகிய மூன்றும் உள்ளன. ஐயூர் முடவனார் பெயரில் உடற்கூறு அடையாளமாயிற்று. பெயர் அறியப்படாத புலவர்க்கு அவர்தம் பாட்டில் அமைந்த தொடரே பெயராயிற்று. செம்புலப்பெயல்நீரார் அவ்வாறு பெயர் பெற்றவர்.

எனினும் ஒரு வேறுபாடு உண்டு. 'அறுவை வாணிகன்' என்பது இளவேட்டனாரைக் குறித்த அடைமொழி. அது, துணி விற்காத பெயரனுக்கும் கொள்ளுப்பெயரனுக்கும் தொடரும் குடும்பப் பெயர் அன்று. அவரவர் அடையாளம் அவரவரோடு நின்றது.

காரணம் மறையும்; பெயர் நிற்கும்

பெயர்களைக் காரணப்பெயர், இடுகுறிப்பெயர் எனப் பகுத்தல் நம் இலக்கண மரபு. குடும்பப் பெயர் தோன்றும்போது காரணப்பெயராகவே தோன்றுகிறது. முதல் ஸ்மித் உண்மையிலேயே இரும்பை அடித்தார். முதல் தனாகா வயல் நடுவே குடியிருந்திருப்பார். ஆனால், அவர்தம் வழித்தோன்றல்களுள் ஒருவர் மருத்துவராகலாம். மற்றொருவர் மாநகரின் அடுக்ககத்தில் வாழலாம். பெயரின் காரணம் என்றோ மறைந்துவிட்டது; பெயர் மட்டும் இடுகுறிபோல் நிற்கிறது.

ஆகவே, குடும்பப் பெயரைக்கொண்டு அதன் முதல் உரிமையாளரைப் பற்றிச் சிறிது அறியலாம். இன்று அதனைச் சுமப்பவரைப் பற்றி ஒன்றும் முடிவுசெய்ய இயலாது. கொல்லரின் பெயரைக் கொண்டவர் எல்லாம் வலியவர் அல்லர்; அரசரின் பெயரைக் கொண்டவர் எல்லாம் உயர்ந்தவரும் அல்லர்.

ஆணையால் வந்த பெயர்கள்

பெயர்கள் எல்லாம் மக்கள் வழக்கில் மெல்ல விளைந்தவை அல்ல. ஒரே நாளில் சட்டத்தால் வந்தவையும் உள்ளன. ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் ஜோசப், தம் ஆட்சிக்குட்பட்ட யூதர்கள் ஜெர்மானியக் குடும்பப் பெயர் கொள்ளவேண்டும் என்று 1787ஆம் ஆண்டு ஆணையிட்டார். ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த பிலிப்பைன்ஸில் ஆளுநர் கிளாவேரியா 1849ஆம் ஆண்டு குடும்பப் பெயர்களின் அகரவரிசைப் பட்டியலை வெளியிட்டார். பட்டியலின் தாள்கள் ஊர்களுக்குப் பிரித்தனுப்பப்பட்டமையால், சில ஊர்களில் குடும்பப் பெயர்கள் பெரும்பாலும் ஒரே எழுத்தில் தொடங்கின.

ஜப்பானில் பொதுமக்கள் குடும்பப் பெயர் கொள்வதற்கு 1870இல் உரிமை வழங்கப்பட்டது. 1875இல் அது கட்டாயமாக்கப்பட்டது. வரி தண்டவும் படைக்கு ஆள் சேர்க்கவும் அரசுக்குத் தெளிவான பதிவேடு தேவைப்பட்டதே இதற்குக் காரணம். துருக்கியில் குடும்பப் பெயர்ச் சட்டம் 1934ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. குடியரசுத் தலைவர் முஸ்தபா கெமாலுக்கு, 'துருக்கியரின் தந்தை' எனப் பொருள்படும் 'அத்தாதுர்க்' என்னும் பெயரை நாடாளுமன்றமே வழங்கியது.

பறிக்கப்பட்ட பெயர்கள்

பெயரைத் தரும் ஆற்றல் உடையவரிடம் அதனைப் பறிக்கும் ஆற்றலும் உண்டு. கொரியாவை ஆண்ட ஜப்பானியர், 1940ஆம் ஆண்டில் கொரிய மக்கள் ஜப்பானிய முறையில் குடும்பப் பெயர் அமைத்துக்கொள்ள வேண்டும் என்று நெருக்கினர். முன்னோர் பெயரை உயிரெனப் போற்றிய மக்கள் அதனை இழக்க நேர்ந்தது. நாடு விடுதலை பெற்றபின்னரே பழைய பெயர்கள் மீண்டன.

மங்கோலியாவில் குலப்பெயர்கள் 1920களில் ஒழிக்கப்பட்டன. 1990களில் அவை மீண்டும் வழக்குக்கு வந்தபோது பலர்க்குத் தம் குலம் எது என்பதே நினைவில் இல்லை. எனவே, பலர் செங்கிஸ்கானின் குலப்பெயரைச் சூடிக்கொண்டனர். 1981இல் விண்வெளி சென்ற முதல் மங்கோலியரான குர்ரக்சா, பேரண்டம் என்னும் பொருளுடைய 'சன்சார்' என்பதைத் தெரிவு செய்தார். முன்னோர் ஈட்டித் தந்த பெயருக்கு மாறாக, தாம் ஈட்டிய பெயரை அவர் கொண்டார்.

அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் ஒருவர் 'மால்கம் லிட்டில்' என்னும் பெயருடன் 1925ஆம் ஆண்டு பிறந்தார். 'லிட்டில்' என்பது தம் முன்னோரை அடிமைகொண்டோரிடமிருந்து வந்த பெயர் என்று உணர்ந்த அவர், அதனை நீக்கி 'எக்ஸ்' என்னும் எழுத்தை ஏற்றார். இயற்கணிதத்தில் அறியப்படாத எண்ணைக் குறிக்கும் அவ்வெழுத்து, அவர் ஒருபோதும் அறியமுடியாமற்போன ஆப்பிரிக்கக் குடிப்பெயரைக் குறித்தது.

தாயின் பெயர் எங்கே?

பெரும்பாலான நாடுகளில் குடும்பப் பெயர் தந்தைவழியே இறங்குகிறது. பிறந்தபோது தந்தையின் பெயரைத் தாங்கிய பெண், மணந்தபின் கணவனின் பெயரைத் தாங்குவதும் பல நாடுகளின் வழக்கம். இதனை முதலில் மறுத்தோருள் ஒருவர் லூசி ஸ்டோன் என்னும் அமெரிக்கப் பெண்மணி. 1855ஆம் ஆண்டு மணம்புரிந்த அவர், தம் பெயரைக் கைவிடவில்லை. 1879ஆம் ஆண்டில் பள்ளிக்குழுத் தேர்தலில் வாக்களிக்கப் பதிவு செய்தபோது, கணவரின் குடும்பப் பெயரைச் சேர்க்காததால் அவருக்கு வாக்குரிமை மறுக்கப்பட்டது. அவர் வாக்கை இழந்தார், பெயரை இழக்கவில்லை.

வேறு வழக்கங்களும் உலகில் உள்ளன. சீனப் பெண்கள் மணத்துக்குப் பின்னும் பிறந்த குடும்பத்தின் பெயரையே கொண்டிருப்பர். ஸ்பெயினில் ஒருவர்க்குத் தந்தையின் குடும்பப் பெயரும் தாயின் குடும்பப் பெயரும் உண்டு. ஓவியர் பாப்லோ ரூயிஸ் பிக்காசோவின் தந்தை ரூயிஸ், தாயோ பிக்காசோ. உலகம் போற்றும் அப்பெயர் அவர் அன்னை தந்ததாகும்.

ஐஸ்லாந்து மக்களுள் பெரும்பாலோர்க்குக் குடும்பப் பெயரே இல்லை. மகன் எனில் தந்தை அல்லது தாயின் பெயருடன் 'சன்' என்பதும், மகள் எனில் 'டோட்டிர்' என்பதும் சேரும். ஒரே வீட்டில் தந்தை, தாய், மகன், மகள் ஆகிய நால்வர்க்கும் நான்கு வேறு பின்பெயர்கள் அமையலாம். அந்நாட்டில் அச்சிடப்பட்டுவந்த தொலைபேசிக் கையேட்டிலும் இயற்பெயரே அகரவரிசையில் முன்னின்றது. உலகிலேயே மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் குடியரசுத் தலைவரான விக்டிஸ் ஃபின்போகடோட்டிர் 1980ஆம் ஆண்டு அங்குப் பொறுப்பேற்றார். அவர் பெயருக்கு ஃபின்போகியின் மகள் விக்டிஸ் என்பதே பொருள்.

துறந்த பெயரும் ஒரு வரலாறு

பெயரைச் சேர்ப்பது மட்டுமன்றி நீக்குவதும் சமூகச் செயலாகும். இந்தியாவில் பெயரின் பின்னொட்டுப் பலவிடங்களில் சாதியைச் சுட்டியது. சீக்கியர்களின் பத்தாம் குரு கோவிந்த் சிங், 1699ஆம் ஆண்டு கால்சா அமைப்பை நிறுவியபோது, ஆடவர் அனைவரும் 'சிங்' எனப் பொதுப்பெயர் கொள்ளச் செய்தார்; பெண்டிர்க்கு 'கௌர்' என்னும் பெயர் உரியதாயிற்று. பெயர் ஒன்றாயின் பிறப்பால் வரும் ஏற்றத்தாழ்வு மறையும் என்பது அதன் உட்பொருள்.

தமிழகம் வேறொரு வழியைத் தேர்ந்தது. செங்கற்பட்டில் 1929ஆம் ஆண்டு கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு, சாதியைக் குறிக்கும் பட்டங்களைப் பெயரிலிருந்து விட்டுவிடவேண்டும் என்று தீர்மானித்தது. தந்தை பெரியாரும் அவ்வழி நின்றோரும் தம் பெயர்களில் அதனைச் செயற்படுத்தினர். பொதுவாழ்வில் அது பெருவழக்காயிற்று. தந்தை பெயரின் தலைப்பெழுத்தும் தம் பெயரும் போதும் என்று தமிழர் பலர் அமைந்தனர்.

இவ்வழக்கம் உலகின் படிவங்களோடு பொருந்தாமல் இடர் தருவதும் உண்டு. கடவுச்சீட்டுப் படிவம் குடும்பப் பெயரைக் கேட்கிறது. இல்லாத பெயருக்குத் தந்தையின் பெயரை எழுதுகிறோம். அயல்நாட்டினர் நம்மைத் தந்தையின் பெயரால் அழைக்கின்றனர். சதுரங்க வல்லுநர் விஸ்வநாதன் ஆனந்தின் இயற்பெயர் ஆனந்த். விஸ்வநாதன் என்பது அவர்தம் தந்தையின் பெயர். உலகச் சதுரங்க அரங்கமோ அவரை 'விஷி' என்று செல்லமாக அழைத்துப் பழகிவிட்டது.

அந்தக் கட்டம் நிரம்பாதிருப்பதனால் நமக்குக் குறையொன்றும் இல்லை. புக்கர் என்னும் சிறுவனிடம் பிறர் மறுத்தமையால் ஒரு பெயர் இல்லை. நம்மிடம் நம் முன்னோர் விரும்பித் துறந்தமையால் ஒரு பெயர் இல்லை. இரண்டு வெற்றிடங்களும் ஒன்றுபோல் தோன்றும். இரண்டின் வரலாறும் வேறு. மேனிலைக் கல்வியை முடித்து நீங்கள் நிரப்பப்போகும் விண்ணப்பங்களில் அக்கட்டத்தை எவ்வாறேனும் நிரப்புங்கள். ஆயின், அதில் ஏன் சாதிப்பட்டம் இல்லை என்று எவரேனும் வினவினால், விடை கூற அறிந்திருங்கள். கடலையின் பெயரைப் புகழுடையதாக்கியவர் சிசரோ. பெயர் மனிதரை உயர்த்துவதில்லை. மனிதரே பெயரை உயர்த்துகின்றனர்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பெயர் சூட்டப்பட்ட காரணத்தை வீட்டுப் பெரியோரிடம் கேட்டறிந்து ஒரு பத்தி எழுதுக.
2. சங்கப் புலவர் பெயர்கள் இருபதைத் தொகுத்து, ஊர், தொழில், தந்தை பெயர், பண்பு என்னும் அடிப்படையில் அட்டவணைப்படுத்துக.
3. 'திருமணத்துக்குப் பின் பெண் தன் தலைப்பெழுத்தை மாற்ற வேண்டுமா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

குறுவினா
1. 'இஷிபாஷி' என்னும் பெயரின் பொருள் யாது? அது நிறுவனப் பெயராக மாறியது எவ்வாறு?
2. ஐஸ்லாந்து மக்களின் பெயரமைப்பைக் கூறுக.

சிறுவினா
1. கொல்லரைக் குறிக்கும் குடும்பப் பெயர்கள் பல நாடுகளில் மிகுந்திருப்பதன் காரணத்தை விளக்குக.
2. குடும்பப் பெயர், காரணப்பெயராய்த் தோன்றி இடுகுறிபோல் ஆவதைச் சான்றுடன் எழுதுக.

நெடுவினா
1. 'பெயரைத் தருவதும் பறிப்பதும் துறப்பதும் வரலாற்று நிகழ்வுகளே' என்னும் கருத்தைப் பாடப்பகுதிவழி நிறுவுக.